லண்டனா, டோஹாவா, கொக்குவிலா? மாதக் கடைசியில் கையில் நிற்பதை வைத்துப் பாருங்கள்

தம்பி, வாசிக்கும் மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் மாதம் இரண்டரை இலட்சம் ரூபாய்ச் சம்பளம். மனைவி அரசாங்கப் பாடசாலையில் ஆசிரியை. மூன்று வயதில் ஒரு பிள்ளை. கொக்குவிலில் அம்மாவோடு, சொந்த வீட்டில் இருக்கிறீர்கள். எல்லாச் செலவும் போக மாதம் ஒரு இலட்சம் மிச்சம் பிடிக்கிறீர்கள். இப்போது லண்டனில் வருடத்துக்கு 42,000 பவுண்ஸ், டோஹாவில் மாதம் 12,000 றியால் என்று இரண்டு வேலைகள் கைக்கு வந்திருக்கின்றன. வாழ்க்கைச் செலவு ஒப்பிடும் இணையத்தளத்தில் போட்டுப் பார்த்தீர்கள், தலை சுற்றுகிறது. எதை எடுப்பது?

நான் கணக்காளர். டோஹாவிலும் லண்டனிலும் குடும்பத்தோடு இருந்து வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன். அதனால் கணக்கையும் சொல்கிறேன், என் அபிப்பிராயத்தையும் சொல்கிறேன்.

உங்கள் கேள்வியில் மிக முக்கியமான எண் 42,000மும் இல்லை, 12,000மும் இல்லை. கடைசியில் போகிற போக்கில் எழுதிய அந்த ஒரு இலட்சம்தான். மூன்று ஊரையும் அந்த ஒரே அளவால் அளக்க வேண்டும்: எல்லாம் கழித்து மாதக் கடைசியில் எவ்வளவு நிற்கிறது? சம்பளத்தைச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் லண்டன் வெல்லும், விலையை விலையோடு ஒப்பிட்டால் கொக்குவில் வெல்லும். இரண்டுமே உங்களுக்கு விடை இல்லை.

முதலில் இணையத்தளக் கதையை முடித்துவிடுவோம். நம்பியோ (Numbeo) போன்ற தளங்களில் உள்ள விலைகளைப் போடுபவர்கள் அந்த ஊர்களில் இருக்கும் சாதாரண ஆட்கள். நியூயோர்க்கை 100 என்று வைத்து மற்ற நகரங்களுக்குப் புள்ளி போடுகிறார்கள். அந்தக் கூடையில் கப்புச்சினோவும் பியரும் மார்ல்பரோ சிகரெட்டும் லீவைஸ் ஜீன்ஸும் இருக்கின்றன. குத்தரிசியும் விளைமீனும் பிள்ளையின் ரியூசன் காசும் இல்லை. அதைவிடப் பெரிய விடயம், அங்கே பெரிதாகத் தெரியும் வாழ்க்கைச் செலவுச் சுட்டியில் வீட்டு வாடகை சேர்க்கப்படவில்லை. வாடகை சேர்ந்த சுட்டி வேறாக இருக்கிறது, பலர் அதைப் பார்ப்பதே இல்லை. சம்பளத்தில் பாதியை விழுங்கும் செலவை விட்டுவிட்டு ஒப்பிட்டால் கணக்கு எப்படிச் சரிவரும்? மேர்சர் நிறுவனம் வெளியிடும் நகரப் பட்டியலும் உங்களுக்கானது இல்லை. அது கொம்பனிகள் தங்கள் அதிகாரிகளை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது எவ்வளவு படி கொடுப்பது என்று தீர்மானிக்கச் செய்யும் கணக்கு. நமது நாட்டுப் பணவீக்கத்துக்கு எல்லாரும் சொல்லும் எண்கூட கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண். திருநெல்வேலிச் சந்தை விலை அதற்குள் இல்லை.

ஆகவே கொக்குவில் கணக்கை நீங்களே போட வேண்டும். ஒரு மாதத்துக்கு ஒரு கொப்பி எடுத்து, நடுவில் கோடு கீறி, இடப்பக்கம் காசு கொடுத்தவற்றை எழுதுங்கள். கறண்ட் பில், காஸ், பெற்றோல், மீன், மரக்கறி, பால்மா, பிள்ளையின் முன்பள்ளி, போன், கோயில். வலப்பக்கம் காசு கொடுக்காமல் கிடைத்தவற்றை எழுதுங்கள். இரண்டாவதுதான் உங்கள் கேள்விக்கு உண்மையான விடை தரும். வீட்டுக்கு வாடகை இல்லை. தண்ணீர் கிணற்றில், மோட்டர் போடும் கறண்ட் மட்டும்தான் செலவு. வளவில் தேங்காய், வேலியில் முருங்கை, கிணற்றடியில் கறிவேப்பிலை. காலையில் நீங்கள் இருவரும் வேலைக்குப் போனபின் பிள்ளைக்குச் சோறு தீத்தி, நித்திரையாக்கி, பின்னேரம் வரை பார்ப்பது அம்மா. காய்ச்சல் என்றால் யாழ் போதனா வைத்தியசாலை. வேலைக்குப் போகப் பத்து நிமிட மோட்டார் சைக்கிள் ஓட்டம். பிள்ளை பாடசாலைக்குப் போகும்போது கட்டணமில்லாக் கல்வி. இவை எதற்கும் இங்கே பில் வருவதில்லை. அங்கே போனால் இவற்றில் பாதிக்கு மேல் மாதாமாதம் பில் வரும். வெளிக்கிடுகிற ஆட்கள் பருப்பு விலையையும் கோழி விலையையும் விசாரிக்கிறார்கள். ஆளை நெருக்குவது பருப்பும் கோழியும் இல்லை, இந்த வலப்பக்கம்தான்.

இடப்பக்கத்திலும் ஒன்று விடுபட்டிருக்கிறது. இரண்டரை இலட்சத்தில் உங்களிடம் 8 வீதம், அதாவது 20,000 ரூபாய், ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈ.பி.எஃப்.) போகிறது. கொம்பனி 12 வீதமாக 30,000 போடுகிறது. ஊழியர் நம்பிக்கை நிதிக்குக் கொம்பனியே இன்னும் 3 வீதம், 7,500. (சம்பளம் முழுவதற்கும் ஈ.பி.எஃப். கட்டுகிறார்கள் என்று வைத்துத்தான் இதைச் சொல்கிறேன். சம்பளச் சிட்டையில் ஒருக்கால் பார்த்துக்கொள்ளுங்கள்.) ஆக மாதம் 57,500 ரூபாய் உங்கள் பேரில் சேருகிறது. வருமான வரி பெரிதாக இல்லை. 2025 ஏப்ரலில் வரிவிலக்கு எல்லை மாதம் 150,000 ஆக உயர்ந்தபின், இரண்டரை இலட்சத்துக்கு வரி 8,000 ரூபாய்தான். எனவே உங்கள் உண்மையான சேமிப்பு ஒரு இலட்சம் இல்லை, 157,500 ரூபாய். பவுண்ஸ் 400 ரூபாய் என்று வசதிக்காக வைத்துக்கொண்டால் 394 பவுண்ஸ். கட்டார் றியாலை 82 என்று வைத்தால் 1,920 றியால். வெளியில் போய் இதைவிடக் குறைவாக மிச்சம் பிடித்தால், காசு விடயத்தில் நீங்கள் பின்னுக்குப் போகிறீர்கள் என்றுதான் அர்த்தம்.

சரி, லண்டனுக்கு வருவோம். 42,000ஐ 400ஆல் பெருக்கிப் பன்னிரண்டால் பிரித்தால் மாதம் 14 இலட்சம். ஊரில் எல்லாரும் சொல்லும் கணக்கு இது. வருடச் சம்பளத்தில் 12,570 பவுண்ஸுக்கு வரி இல்லை. மிச்சத்துக்கு 20 வீத வருமான வரி, அதே மிச்சத்துக்கு 8 வீதம் தேசியக் காப்புறுதி. இரண்டும் போக மாதம் 2,813 பவுண்ஸ். ஓய்வூதியத்துக்கும் தானாகவே சேர்ப்பார்கள், விரும்பினால் விலகலாம், ஆனால் கொம்பனி போடும் பங்கை இழப்பீர்கள். அதற்கும் வெட்டியபின் கைக்கு வருவது ஏறக்குறைய 2,694. பதினாலு இலட்சம் இப்போது பத்தே முக்கால் இலட்சமாகிவிட்டது, இன்னும் வீட்டுக் கதவைத் திறக்கவில்லை.

ஹரோ, ஈஸ்ட்ஹாம் பக்கம் ஓர் அறை பிளாட்டுக்கு 1,450 வையுங்கள். இதைவிடக் கூடவும் கேட்பார்கள். விளம்பரத்தில் கிழமை வாடகை போட்டிருந்தால் நாலால் பெருக்காதீர்கள். வருடத்துக்கு 52 கிழமை, ஆகவே 52ஆல் பெருக்கிப் பன்னிரண்டால் பிரிக்க வேண்டும். கிழமைக்கு 350 என்றால் மாதம் 1,400 இல்லை, 1,517. கவுன்சில் வரி என்று ஒன்று இருக்கிறது, வீட்டுச் சொந்தக்காரன் இல்லை, குடியிருப்பவர்தான் கட்ட வேண்டும். 1991 ஏப்ரலில் அந்த வீடு என்ன விலை பெற்றிருக்கும் என்று பார்த்து ஏ முதல் எச் வரை வகை பிரித்திருக்கிறார்கள், வகையையும் கவுன்சிலையும் பொறுத்துத் தொகை மாறும். அதற்கு 170. காஸ், கறண்ட், தண்ணீருக்கு 180. இது வருடச் சராசரி. கோடையில் குறையும், ஒக்ரோபரில் ஹீற்றிங் போடத் தொடங்கியபின் ஏறும். போனும் இன்ரநெற்றும் 50. ஹரோ லண்டன் ரயில் கட்டணத்தில் ஐந்தாம் வலயம், அங்கிருந்து நகர மையத்துக்கு மாத ரயில் பாஸ் 250ஐத் தாண்டும், 250 என்றே வைப்போம். சாப்பாட்டுக்கு 380. கூட்டினால் 2,480. கையில் நிற்பது 214 பவுண்ஸ்.

நியாயமாகப் பார்க்க வேண்டும், ஈ.பி.எஃப்.ஐ இங்கே சேர்த்தோம், அங்கே ஓய்வூதியத்தையும் சேர்க்கத்தான் வேண்டும். உங்கள் 5 வீதமும் கொம்பனியின் 3 வீதமும் மாதம் 238 பவுண்ஸ் வரும். முதுமை வரும்வரை தொட முடியாத காசுதான், ஆனாலும் உங்கள் காசு. 452 ஆகிவிட்டது, 394ஐத் தாண்டிவிட்டது என்று சந்தோசப்பட வேண்டாம். விசாவோடு சேர்த்துக் கட்டும் சுகாதாரக் கட்டணம் இன்னும் வரவில்லை. பெரியவர் ஒருவருக்கு வருடம் 1,035 பவுண்ஸ், பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 776. மூன்று பேருக்கு மூன்று வருட விசா என்றால் 8,538 பவுண்ஸ், விண்ணப்பிக்கும்போதே மொத்தமாகக் கட்ட வேண்டும். ரூபாயில் 34 இலட்சம். கிளாலிக்கு அங்கால் இந்தக் காசுக்குக் காணி விசாரிக்கலாம். 36 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 237. நல்லூர்த் திருவிழா வருவது பாடசாலை விடுமுறைக் காலத்தில், அந்த நேரம் கொழும்புக்கு விமான ரிக்கெற் உச்ச விலையில் நிற்கும். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மூன்று பேர் வந்து போக 2,400 பவுண்ஸ் வைத்தால் மாதம் 100. இவ்வளவும் போக 115 பவுண்ஸ், அதாவது 46,000 ரூபாய்.

கொக்குவிலில் 157,500. லண்டனில் 46,000. மனைவி வேலைக்குப் போகாமல் நீங்கள் மட்டும் உழைத்தால் இதுதான் நிலைமை, அதிலும் உடுப்பு, சப்பாத்து, குளிர் ஜக்கெற், வார இறுதிக் கொண்டாட்டங்கள் எதையும் நான் போடவில்லை. கொண்டாட்டம் என்று சும்மா சொல்லவில்லை. நம்மவர்கள் நெருங்கியிருக்கும் இடத்தில் பிறந்தநாள், சாமத்திய வீடு, கல்யாணம் என்று ஹோல் எடுத்துச் செய்வார்கள். போனால் என்வலப் வைக்க வேண்டும், போகாவிட்டால் மனத்தாங்கல்.

மனைவி வேலைக்குப் போனால்? இங்கேதான் பிள்ளையின் வயது எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. லண்டனில் முழுநாள் நேசறிக்கு மாதம் 1,500 பவுண்ஸ் கேட்டால் ஆச்சரியப்படாதீர்கள். வேலை செய்யும் பெற்றோருக்குக் கிழமைக்கு 30 மணித்தியாலம் இலவசம் என்று யாரும் சொன்னால், அது உங்களுக்கு இல்லை. உங்கள் விசாவில் அரசாங்க உதவித்தொகைகள் பெற முடியாது என்ற நிபந்தனை இருக்கும், அந்த 30 மணித்தியாலம் அதற்குள் அடங்கிவிடும். சைல்ட் பெனிபிற் என்ற பிள்ளைப் படியும் கிடையாது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் எல்லாருக்கும் பொதுவான 15 மணித்தியாலம் மட்டும் கிடைக்கும், அதுவும் வருடத்தில் 38 கிழமைக்கு. இந்த நேரத்தில் மனைவி கடையிலோ பாடசாலை உதவியாளராகவோ உழைப்பது அப்படியே நேசறிக்குப் போய்விடும்.

ஆனால் இங்கிலாந்தில் ஓகஸ்ட் 31ஆம் திகதிக்குள் நான்கு வயது நிறையும் பிள்ளை, அந்தச் செப்டெம்பரில் றிசெப்ஷன் என்ற முதல் வகுப்பில் சேரலாம். அரசாங்கப் பாடசாலைக்குக் கட்டணம் இல்லை, விசா என்ன என்றும் பார்ப்பதில்லை. காலை ஒன்பது மணி அளவில் விட்டால் மூன்று, மூன்றேகால் வரை பாடசாலை. முதல் மூன்று வகுப்புக்கும் மத்தியானச் சாப்பாடு இலவசம். லண்டனில் 2023 செப்டெம்பரில் இருந்து அரசாங்க ஆரம்பப் பாடசாலைகளில் எல்லா வகுப்புக்கும் இலவசம். அந்த நாளில் இருந்து உங்கள் கணக்கு தலைகீழாக மாறும். மனைவி கிழமைக்கு 25 மணித்தியாலம், 2025 ஏப்ரலில் சட்டமான குறைந்தபட்சம் மணிக்கு 12.21 பவுண்ஸில் வேலை செய்தால்கூட, கைக்கு மாதம் ஏறக்குறைய 1,200 வரும். அவருடைய 12,570க்கும் தனியாக வரிவிலக்கு இருப்பதால் வரி மிகக் குறைவு. 115 என்று இருந்த மிச்சம் 1,300 ஆகிறது. ரூபாயில் ஐந்து இலட்சத்துக்கு மேல். கொக்குவிலை மூன்று மடங்கு தாண்டிவிட்டது.

அதே வீடு, அதே சம்பளம், அதே கோழி விலை. மாறியது பிள்ளை எந்த மாதம் பாடசாலை போகிறது, மனைவி வேலை செய்கிறாரா என்ற இரண்டு விடயம்தான். எந்த இணையத்தளமும் இதை உங்களுக்குக் கணித்துத் தராது.

டோஹா. இங்கே கணக்கு சுருக்கம், ஏனென்றால் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை, வற் வரியும் இல்லை, 12,000 அப்படியே கைக்கு வரும். றியால் 2001இல் இருந்து டொலருக்கு 3.64 என்று கட்டி வைக்கப்பட்டிருக்கிறது, எனவே அதன் ஏற்ற இறக்கம் டொலரின் ஏற்ற இறக்கம்தான். ஈரறை பிளாட் நஜ்மா, மன்சூரா பக்கம் 5,500 வையுங்கள். கறண்டும் தண்ணீரும் 300, போனும் இன்ரநெற்றும் 350, சாப்பாடு 1,800. மெட்ரோவில் சாதாரணப் பயணம் இரண்டே றியால். ஆனால் யூலை வெயிலில் பிள்ளையோடு ஸ்ரேசன் வரை நடக்க முடியாது, ஆகவே பெரும்பாலும் பழைய கார் ஒன்று வாங்குவார்கள். தவணையும் பெற்றோலும் 1,000. மொத்தம் 8,950. மனைவி வீட்டில் இருந்து பிள்ளையைப் பார்த்தால் 3,050 றியால் மிஞ்சும். வேலை விட்டு வரும்போது கிடைக்கும் பணிக்கொடை, வருடத்துக்குக் குறைந்தது மூன்று கிழமை அடிப்படைச் சம்பளம். அடிப்படை 7,000 என்றால் மாதக் கணக்கில் 400 றியால் சேர்க்கலாம். ஆக 3,450 றியால், ரூபாயில் 2 இலட்சத்து 80 ஆயிரம். முதல் மாதத்தில் இருந்தே கொக்குவிலைவிட மேல். நேசறிக்கு மாதம் 2,000 கொடுக்க வேண்டி வந்தால் அது 1 இலட்சத்து 20 ஆயிரமாக இறங்கி, கொக்குவிலுக்குக் கீழே போய்விடும்.

டோஹாவின் விலை பிறகுதான் தெரியவரும். பிள்ளை ஐந்து வயதானால் தனியார் பாடசாலைதான். இந்தியப் பாடத்திட்டம் என்றால் சமாளிக்கலாம், பிரித்தானியப் பாடத்திட்டம் என்றால் மாதம் பல ஆயிரம் றியால். நமது நாட்டவர் நடத்தும் ஸ்ரபோட் சிறீலங்கன் பாடசாலையும் அங்கே இருக்கிறது, கட்டணத்தை நேரே விசாரியுங்கள். பத்து வருடம் இருந்தாலும் வேலை இருக்கும் வரைதான் இருக்கலாம் என்பது இன்னொன்று. லண்டனில் ஐந்து வருடத்தில் நிரந்தர வதிவிடம் என்றுதான் நாங்கள் எல்லாரும் போட்டு வைத்த கணக்கு, 2025இல் பிரித்தானிய அரசு அதைப் பத்து வருடமாக்கும் திட்டத்தை அறிவித்தது. அது உங்களுக்கும் பொருந்தினால், இன்னும் ஐந்து வருடத்துக்கு விசாக் கட்டணமும் சுகாதாரக் கட்டணமும் கட்ட வேண்டிவரும், இன்றைய விலையில் சுகாதாரக் கட்டணம் மட்டும் மூன்று பேருக்கு 14,000 பவுண்ஸுக்கு மேல். வதிவிடத்துக்காக லண்டன் போகிறேன் என்றால் இந்தச் செலவையும் முன்கூட்டியே கணக்கில் வையுங்கள்.

ஒரு பொருளின் விலையை ரூபாயில் மாற்றிப் பார்த்துப் பயப்படும் பழக்கத்தையும் விட வேண்டும். லண்டனில் பொருள் மலிவு, மனித உழைப்பு விலை. நாலு பைந்த் பால், அதாவது இரண்டேகால் லீற்றர், ஒன்றரைப் பவுண்ஸ் பக்கம்தான். கோழி, முட்டை, அப்பிள் எல்லாம் சம்பளத்தோடு பார்த்தால் இங்கத்தையைவிட இலேசு. கார்கூட அப்படித்தான், நாங்கள் இங்கே இறக்குமதி வரியோடு கொடுக்கும் விலைக்கு அங்கே இரண்டு மூன்று வாங்கலாம். ஆனால் புதிதாக வருபவருக்குக் கார்க் காப்புறுதி மூச்சடைக்க வைக்கும், நமது சாரதி அனுமதிப்பத்திரமும் பன்னிரண்டு மாதத்துக்குத்தான் செல்லும், பிறகு அங்கே சோதனை பாஸ் பண்ண வேண்டும். தலைமயிர் வெட்ட, குழாய் திருத்த, பிளவுஸ் தைக்க, பிள்ளையைப் பார்க்க என்று இன்னொருவரின் கை பட வேண்டிய எதற்கும் அங்கே கனக்கக் கொடுக்க வேண்டும். ஈஸ்ட்ஹாம் கடையில் கறிவேப்பிலை ஒரு சின்னப் பையில் விலை ஒட்டி இருக்கும். அதை வாங்குவதால் யாரும் வறுமைப்படப் போவதில்லை, பயப்பட வேண்டியது நேசறிக்கும் வாடகைக்கும்தான்.

நாணய மாற்று விடயத்தில் ஒன்று. 2022 மார்ச் 7ஆம் திகதி மத்திய வங்கி ரூபாயை விட்டபோது டொலர் 200 ரூபாய்ப் பக்கம் நின்றது, மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 69.8 வீதம். அப்படியான காலத்தில் வெளியில் உழைத்தவர்கள் இருந்த இடத்திலேயே பணக்காரராகத் தெரிந்தார்கள், ரூபாயில் சேமித்தவர்கள் ஒன்றும் செய்யாமலே பாதியை இழந்தார்கள். அதனால் நான் போட்ட 400ஐயும் 82ஐயும் இறுதியாக எடுக்க வேண்டாம். பவுண்ஸ் 350 என்றும் 450 என்றும் வைத்து ஒருக்கால் போட்டுப் பாருங்கள். மூன்றிலும் அதே முடிவு வந்தால் அந்த முடிவை நம்பலாம்.

அம்மாவை நீங்கள் கேள்வியில் ஒரு வரியில் சொல்லிவிட்டீர்கள், நான் கொஞ்சம் கூடச் சொல்ல வேண்டும். நீங்கள் போனால் அவர் தனியே. இரவில் துணைக்கு ஒரு ஆள் வேண்டும், கிளினிக் கூட்டிக்கொண்டுபோக ஓட்டோ வேண்டும், வளவு துப்புரவாக்க, கிணறு இறைக்க ஆள் பிடிக்க வேண்டும். இவை எல்லாம் இப்போது நீங்கள் செய்பவை, எங்கேயும் பில் இல்லாதவை. மாதம் 40,000, 50,000 ரூபாய் இதற்கென்று ஒதுக்குங்கள். அதோடு வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை என்ற பெயர் வந்த நாளில் இருந்து கோயில் உபயம், பழைய மாணவர் சங்கம், சொந்தக்காரரின் அவசரம் என்று கேட்பார்கள். கொடுப்பது நல்லது, நானும் கொடுத்தேன். ஆனால் வருடத்துக்கு இவ்வளவு என்று முதலே ஒரு தொகையை வைத்துக்கொள்ளாவிட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாமல் கடன் அட்டையில் கடன் ஏறும். அங்கே இந்தக் காரணத்தால் கடன்பட்டிருக்கும் நம்மவர்கள் கொஞ்ச நஞ்சம் இல்லை. இது எனக்கு உண்மையாகவே கவலை தரும் விடயம்.

முதல் செலவுக்கும் காசு எங்கிருந்து வரும் என்று யோசியுங்கள். லண்டனில் வீட்டு வைப்புப் பணம் ஐந்து கிழமை வாடகைக்கு மேல் கேட்கச் சட்டம் விடாது. 1,450 வாடகைக்கு அது 1,673 பவுண்ஸ், முதல் மாத வாடகையோடு 3,123. அங்கே கடன் வரலாறு இல்லாத புது ஆளுக்குப் பிணை நிற்க ஒருவரையும் கேட்பார்கள். சுகாதாரக் கட்டணம், விசாக் கட்டணம், ஆங்கிலச் சோதனை, கொழும்பில் காசநோய்ப் பரிசோதனை, ரிக்கெற் எல்லாம் சேர அரைக்கோடி ரூபாய் கிட்டப் போய்விடும். நகையை அடகு வைத்து, சீட்டைத் தள்ளி எடுத்து, வட்டிக்கும் வாங்கிப் போவதென்றால் அந்த வட்டியையும் மாதக் கணக்கில் கழிக்க வேண்டும். 115 பவுண்ஸில் எந்த வட்டியைக் கட்டுவது?

நானாக இருந்தால் இப்படிச் செய்வேன். வேலையைப் பொறுத்தவரை லண்டனை எடுப்பேன், ஆனால் குடும்பத்தோடு ஒரே நாளில் வெளிக்கிட மாட்டேன். நீங்கள் முதலில் போங்கள். பில்லோடு சேர்த்து 850 பவுண்ஸுக்கு ஒரு வீட்டில் அறை எடுத்தால், பயணம் 250, சாப்பாடு 250, மற்றவை 60 போக மாதம் 1,284 நிற்கும். மனைவி இங்கே வேலையில் இருப்பார், பிள்ளை அம்மம்மா கையில் என்றாலும் அப்பம்மா கையில் என்றாலும் வளரும், வீட்டுச் செலவு அவருடைய சம்பளத்திலும் கொஞ்சம் நீங்கள் அனுப்புவதிலும் போகும். பிள்ளை றிசெப்ஷனில் சேரும் செப்டெம்பருக்கு முந்தின கோடையில் இருவரையும் எடுங்கள். பின்னால் வருபவர்களுக்கு உங்கள் விசா முடியும் நாள் வரைக்கும்தான் விசா கிடைக்கும், சுகாதாரக் கட்டணமும் அந்தக் காலத்துக்கு மட்டும்தான், ஆகவே அதிலும் மிச்சம். அந்தப் பிரிவைச் சில மாதத்துக்கு மேல் இழுக்கக்கூடாது என்பதை மட்டும் இருவரும் பேசித் தீர்மானித்துவிடுங்கள். காசு சேருகிறதே என்று இரண்டு வருடம், மூன்று வருடம் என இழுத்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன், அந்த இழப்புக்குக் கொப்பியில் இடம் இல்லை.

பிள்ளைக்கு நான்கு வயது நிறைய இன்னும் அதிக காலம் இருக்கிறது, பிரிந்திருக்கவும் முடியாது என்றால் டோஹாதான் சரி. இரண்டு மூன்று வருடம் அங்கே சேமித்துவிட்டு, பாடசாலைக் கட்டணம் தொடங்கும் வயதில் மறுபடி யோசிக்கலாம்.

முடிவெடுக்க முன்னர் இரண்டு கொம்பனிக்கும் மின்னஞ்சல் போடுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். லண்டன் கொம்பனியிடம்: சுகாதாரக் கட்டணத்தையும் விசாக் கட்டணத்தையும் யார் கட்டுவது, எனக்கு மட்டுமா குடும்பத்துக்குமா, இடையில் வேலையை விட்டால் திருப்பிக் கேட்பீர்களா? கிழமையில் எத்தனை நாள் அலுவலகத்துக்கு வர வேண்டும்? (இரண்டு நாள்தான் என்றால் 250 பவுண்ஸ் ரயில் செலவு பாதிக்குமேல் குறையும், தூரப் போய் மலிவான வீடும் எடுக்கலாம்.) டோஹா கொம்பனியிடம்: 12,000இல் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, வருட விமான ரிக்கெற் குடும்பத்துக்கும் உண்டா, பாடசாலைப் படி உண்டா, குடும்ப விசாவுக்கு வேண்டிய சம்பள எல்லைக்கும் பதவிப் பெயருக்கும் ஏற்றபடி ஒப்பந்தம் எழுதுவீர்களா? கடைசிக் கேள்வியை மறக்க வேண்டாம், பதவிப் பெயர் பொருந்தாமல் மனைவி பிள்ளையைக் கூப்பிட முடியாமல் போன ஆட்கள் இருக்கிறார்கள்.

பதில்கள் வந்தபின் பிள்ளையின் பிறந்த திகதியையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள், மேலே உள்ள எண்களை மாற்றிப் போட்டுத் தருகிறேன்.